பட்டறை எலும்பு

கரட்டுப்பாளையத்தில் சப்ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மர் எரிந்து பதினோரு நாள் கரண்ட் இல்லாமல் போனபோது, அந்த ஊர்க்காரர்களின் காதுகள் அதுவரை கேட்டும் கேளாமலும் உள்ளே போட்டு வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்கின. எல்லார் காதும் சொன்னது, மூன்றாம் தெரு நாச்சிமுத்துவின் இடது காது மட்டும் சொல்லவில்லை.

அது ஆயிரத்து நானூறு விசைத்தறி ஓடுகிற ஊர். அங்கே பிறக்கிற பிள்ளை முதலில் கேட்பது தறியைத்தான், அம்மாவின் குரல் அதற்கு அடுத்தபடி. பட்டறை என்று ஊர் சொல்லும் ஓட்டுக்கட்டடங்கள் வீட்டை ஒட்டியே இருக்கும், ஆறு தறி, எட்டுத் தறி, ஊடுநூலைச் சுமக்கிற மர நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்க, அதற்குள் நின்று பேசுகிறவர் வாயைப் பெரிதாகத் திறந்து கையை ஆட்டிப் பேசவேண்டும், கேட்கிறவர் அந்த வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டும், புரியாவிட்டால் என்ன என்று ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம், மூன்றாம் தடவை கேட்பது மரியாதை இல்லை என்பதால் தலையை ஆட்டிவிடுவார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இதில் ஒரு வசதியும் இருந்தது. நேரில் சொல்ல வாய் வராததையெல்லாம் தறி ஓடும்போது பக்கத்தில் நின்று சொல்லிவிடலாம். முதலாளியைத் திட்டலாம், மாமியாரைச் சபிக்கலாம், அடுத்த தறிக்காரியிடம் ஆசையைச் சொல்லலாம், சாமியிடம் சொல்லவேண்டியதை மச்சானிடம் சொல்லலாம். சொன்னவருக்கு நெஞ்சு காலியாகும், கேட்டவருக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தறி நின்ற முதல் நாள் யாருக்கும் தூக்கம் வரவில்லை. தொட்டில் பிள்ளைகள் அமைதிக்குப் பயந்து அழுதன. கோழி கொத்துகிற சத்தமும் பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்குகிற சத்தமும் கேட்க, ஏதோ அடுத்தவர் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போல ஊரே கூசிப்போய் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் நாள் காலை, தறிக்குப் பாவு நூல் பிணைக்கிற நல்லம்மா டீ குடித்துக்கொண்டே ஒரு கொட்டாவி விட்டாள். விட்டவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது காதைப் பொத்திக்கொண்டாள். செத்துப் பதினோரு வருஷமான அவள் மாமியார் அந்தக் காதுக்குள்ளிருந்து, "இந்த வெண்டைக்காப் புளிக்குழம்பு என்ற ஊட்டுல ஒருத்திகூட இப்பிடி வெச்சதில்ல" என்று தெளிவாகச் சொன்னாள். நல்லம்மா அதிசயப்படவில்லை, அழுதாள். "அடிப் பாவி, இதைச் சத்தமா சொல்லித் தொலைஞ்சிருக்கக்கூடாதா, கடைசிவரைக்கும் உன்ற மூஞ்சியப் பாக்காமயே சோறு போட்டனே" என்று சொல்லி எழுந்து நடந்தபோது, அவள் நேராக நடக்காமல் இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனதைத் தெரு முழுக்கப் பார்த்தது.

மத்தியானத்துக்குள் பதினேழு பேர் சாய்ந்து நடந்தார்கள். சாயங்காலத்துக்குள் கணக்கு விட்டுப்போயிற்று.

மூன்றாம் நாள் அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் டீச்சர் பிரேமாவதி, தறிக்காரர் சங்கக் கட்டடத்துக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து, பாடம் நடத்த வைத்திருந்த பெரிய மாவுக் காது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரில் நாற்பது வயசுக்குக் கீழே இருந்த எல்லாரும் அவரிடம் அந்தக் காதைப் பார்த்துப் படித்தவர்கள்தான், படித்ததை மறந்தவர்களும்தான். டீச்சர் காதை மேசைமேல் வைத்து, தோசைக் கரண்டி அளவு இருந்த மடலைத் தொட்டுக் காட்டினார்.

"மடல் சத்தத்தைக் கூட்டிச் சேக்குது. குழல் உள்ள கொண்டுபோகுது. கடைசில இருக்கறது செவிப்பறை, மேளத்தோல் மாதிரி. அது அதிர்ந்தா சுத்தி எலும்பு பட்டடை எலும்பைத் தட்டும், பட்டடை எலும்பு அங்கவடியைத் தள்ளும். அங்கவடின்னா குதிரை ஏறுறவன் கால் வெக்கிற வளையம். உடம்புலயே சின்ன எலும்பு அதுதான், அரிசில பாதிகூட இருக்காது. அது நத்தை மாதிரி சுருண்ட குழலோட சன்னலை மிதிக்கும். நத்தைக்குள்ள தண்ணி, தண்ணிக்குள்ள நாத்து நட்ட மாதிரி மயிரிழை. அந்த இழை ஆடுனாத்தான் நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகும். நம்ம ஊர்க்காரங்களுக்குத் தறிச் சத்தத்துல அந்த நாத்தெல்லாம் படுத்துப்போச்சு. சத்தம் உள்ள வருது, மேல தூக்கிட்டுப் போக ஆளில்ல."

"அப்ப வந்ததெல்லாம் எங்கீங்க டீச்சர் கெடக்குது?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"பட்டறைலதான்! வேறெங்க கெடக்கும்?" என்று இன்னொருவர் கத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் பட்டடை எலும்பு என்று எழுதவேண்டிய இடத்தில் பட்டறை எலும்பு என்றே எழுதிவந்தார்கள், பிரேமாவதி டீச்சரும் இருபத்தெட்டு வருஷமாக அதைச் சிவப்பு மையால் அடித்துவந்தார். பட்டடை என்றால் கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற திண்டு என்று எத்தனை தடவை சொன்னாலும், பிறந்ததிலிருந்து பட்டறையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காதுக்குள் ஒரு பட்டறை இருப்பதுதான் நியாயமாகப் பட்டது. அன்றைக்கு டீச்சர் முதல்தடவையாகத் திருத்தவில்லை. அந்த மாவு எலும்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, பட்டறைலதான் இருக்கும்" என்றார். பிறகு தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகிற சின்னக் குழாயைக் காட்டி, கொட்டாவி விட்டால் அது திறக்கும் என்றும், நத்தைக்கு மேலே இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள்தான் மனுஷனை நேராக நிறுத்துகின்றன, பாரமான பேச்சு அந்த வழியாக வந்தால் அதிலிருக்கும் தண்ணீர் குலுங்கி ஆளைச் சாய்க்கும் என்றும் சொல்லி, காதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊர் அந்தக் காரியத்தைக் கல்யாண வேலையைப் போலப் பிரித்துக்கொண்டு செய்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற சவுக்குக் கம்புகளை எடுத்து வந்து, சாய்கிறவர்கள் பிடித்து நடக்க நான்கு தெருவிலும் கட்டினார்கள். காலையில் வேலை முடிந்த பெண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். கோயில் கமிட்டி கூடி, காதில் வந்ததை வைத்து யாரும் யார்மீதும் பிராது கொடுக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, ஆனால் அழுதால் யாரும் தடுக்கக்கூடாது என்று முடிவு செய்தது. பயந்தவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்கள். நூல் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம், ஆனாலும் யார் காதில் பஞ்சு இருக்கிறது என்று ஊர் ஒரு கண் வைத்திருந்தது. இருபத்துநாலு தறிக்குச் சொந்தக்காரரான கோவிந்தப்பனுக்கு அவரிடம் வேலை பார்த்தவர்கள் முப்பது வருஷமாகத் திட்டியது தேதிவாரியாக, ஒன்று விடாமல் வந்தது. மூன்று நாள் ஈஸிசேரில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டவர், நான்காம் நாள் ஆட்களை வரச்சொல்லி டீ வாங்கிக் கொடுத்து, "அதுல ஒண்ணு ரெண்டு நெசந்தானப்பா" என்று மட்டும் சொன்னார். பேத்தி எடுத்த சரோசாவுக்கு, முன்தலை வழுக்கையான ஒருவர் இருபது வயசில் சொன்ன ஒரு பேச்சு வந்தது; அவள் மளிகைக்கடையில் அவரைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், அவர் அரைக்கிலோ துவரம்பருப்பை அப்படியே விட்டுவிட்டுச் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். பேப்பர்க்காரர் ஒருவர் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் வெளியூர்க் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, டிரான்ஸ்பார்மரைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்.

நாச்சிமுத்துவின் வலது காதும் மற்றவர்கள் காதைப் போலத்தான் இருந்தது. "பாவு நூல் அந்து போச்சுங்க", "ஊட்டுல கூப்புடறாங்க", "இந்தாளுக்கு எங்கிருந்துதான் இந்தக் கோபம் வருதோ" என்று அது தினமும் நாலைந்து சொல்லியது. அவருக்கு வேண்டியது இடது காதில் இருந்தது.

அவர் நின்று ஓட்டிய மூன்றாம் தறிக்கு வலது பக்கம் சுவர், வந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் இடது பக்கம்தான் நிற்கவேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவருடைய ஒரே மகள் வசந்தமணி மோர்ச் சொம்போடு அந்த இடத்தில் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். நாடாவில் போட்ட ஒரு தார் நூல் ஓடித் தீர்கிற நேரம் சொன்னாள், அது அப்படியொன்றும் சின்ன நேரம் இல்லை. அவர் என்ன என்று ஒரு தடவை கேட்டார், இன்னொரு தடவை கேட்டார். அவள் இரண்டு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். தார் மாற்றவேண்டியிருந்தது, அவர் தலையை ஆட்டினார். அவள் அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வீட்டில் இல்லை. தறி ரிப்பேர் பார்க்க வருகிற தனபாலோடு போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. தனபால் சாதியில் வேறு ஆளுங்க. மானம் போச்சு என்று இரண்டு நாள் பட்டறைக்குள்ளேயே கிடந்த நாச்சிமுத்து, மூன்றாம் நாள் பவானி கூடுதுறைக்குப் போய், எனக்கு மகளே இல்லை என்று ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டுத் தலைமுழுகிவிட்டு வந்தார். அந்தத் தண்ணீர் இடது காதில் ஏறிச் சீழ் பிடித்து, வருஷக்கணக்கில் வடிந்து, கடைசியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, செவிப்பறையில் மிளகு அளவுக்கு ஓட்டை என்றார்.

அவள் பவானியில்தான் இருந்தாள், இருபத்திரண்டு கிலோமீட்டர் தூரத்தில். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் மறுபக்கச் சன்னலைப் பார்த்துக்கொள்வார். மகள் சொல்லாமல் ஓடிப்போனாள் என்று ஊரும் மனைவி பாவாயியும் நம்பினார்கள். அவள் வந்து ஏதோ சொன்னாள், நான் தலையாட்டினேன் என்பதை அவர் பத்தொன்பது வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூட வாசலில் டீச்சரைப் பிடித்தார்.

"ஏனுங்க டீச்சர், ஓட்டைக் காதுல இருந்து வருங்களா?"

"உள்ள இருந்து வர்றதும் வந்த வழியாத்தானே வரணும். நத்தை அங்கவடியைத் தள்ளும், அங்கவடி பட்டறையைத் தள்ளும், பட்டறை சுத்தியைத் தூக்கும். சுத்தி தட்டுறதுக்குத் தோல் முழுசா இருந்தாத்தான் உங்களுக்குக் கேக்கும். ஓட்டை இருந்தா காத்தோட காத்தா வெளிய போயிரும்."

"போயிருக்குங்களா, இத்தனை நாள்ல?"

"தறி ஓடிட்டிருந்த வரைக்கும் போயிருக்காது. இப்பத்தான் போகும்." டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வேற யாராவது அந்தக் காதோட காதை ஒட்டி வெச்சா அவங்களுக்குக் கேக்கும். ஊட்டுல அம்மா இருக்காங்கள்ல?"

பாவாயி இருந்தாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து நாச்சிமுத்து கொட்டாவி வந்தாலும் பல்லைக் கடித்து விழுங்கினார், இடது காதில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு வைத்தார். அடைத்தது மற்றவர்களைப் போல உள்ளே இருப்பது கேட்டுவிடுமோ என்று பயந்து அல்ல, அது ஒழுகிப் போய்விடுமோ என்று பயந்து. அது என்ன என்று தெரியவேண்டும், அது பாவாயிக்குத் தெரியக்கூடாது, இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் புது டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து இறங்கியது. பதினோராம் நாள் பகலில் கரண்ட் வரும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். தறி ஓடினால் காது மறுபடி மூடிக்கொள்ளும் என்று யாரும் சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் பாவாயியைப் பட்டறைக்குள் கூப்பிட்டார். ஓடாத தறிகளுக்கு நடுவே பலகையில் உட்கார்ந்து, காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி, "இதுல உன்ற காதை வெச்சுக் கேளு" என்றார்.

"என்னத்தைக் கேக்கறது?"

"கேட்டாத் தெரியும்."

பாவாயி குனிந்து தன் வலது காதை அவர் இடது காதோடு ஒட்டி வைத்தாள். அவ்வளவு பக்கத்தில் அவர்கள் இருந்தே பல வருஷம் ஆகியிருந்தது. அவருக்குக் கொட்டாவி வரவில்லை. ஆறு நாளாக அடக்கிய கொட்டாவி கூப்பிட்டபோது வருமா.

"நல்லா வாயத் தொறங்க. எச்சிலை முழுங்குங்க. சோறு கண்ட மாதிரி தொறங்கன்னா."

திறந்தார். வந்தது. முதலில் சேவல் கூவுது, எவனோ பீடி கேட்கிறான், நூல் அந்து போச்சு என்று பாவாயி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு சொல்வதை நிறுத்தினாள். தறியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் இடது பக்கமாகச் சாய்ந்தாள், அவர் பிடிக்கப் போனார், "தொடாதீங்க" என்றாள். சாய்ந்தபடியே மூன்று தடவை கேட்டாள். அது மூன்று தடவை சொல்லப்பட்ட பேச்சுதானே.

"நீங்க தலையாட்டுனீங்களா?"

"என்ன சொன்னா?"

"தலையாட்டுனீங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க."

"ஆட்டுனேன்."

பாவாயி சட்டத்தில் சாய்ந்து நின்று, மகளுடைய குரலில், மகள் எங்கெங்கே நிறுத்தினாளோ அங்கங்கே நிறுத்திச் சொன்னாள்: "அப்பா, நான் தனபாலைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை காலைல, கூடுதுறைக் கோயில்ல. நீங்க வந்து நின்னாப் போதும், ஒண்ணும் பேசவேண்டாம். வர்றதுன்னாத் தலையாட்டுங்க. இல்லீன்னா இந்தப் பேச்சையே இன்னியோட விட்டுர்றேன்."

பட்டறையில் ஒரு பல்லி கத்தியது. நாச்சிமுத்து விரல்விட்டு நாள் எண்ணினார். செவ்வாய் சொன்னாள், புதன் போனாள், வியாழன். மூன்றாம் நாள் என்று இத்தனை காலமும் எண்ணிக்கையாகவே நினைத்திருந்தாரே தவிர, அதற்கு ஒரு கிழமை இருந்தது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"வெள்ளிக்கிழமை" என்றாள் பாவாயி. "நீங்க போனது வெள்ளிக்கிழமை. துண்டை நான்தான் எடுத்துக் குடுத்தேன்." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நான் பவானி போறேன். வர்றதுன்னா வாங்க."

ஒன்பதரை பஸ்ஸில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள், அவர் பின்னால் உட்கார்ந்தார். பஸ் ஊர் எல்லை திரும்பும்போது முதல் தறி ஓடத்தொடங்கியது, அதன்பின் பத்து, அதன்பின் நூறு, பிறகு எண்ணமுடியாத ஒரே சத்தம். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒருவர் நிம்மதியாகக் காதுப் பஞ்சை எடுத்து எறிந்தார். அவர் பக்கத்தில் நல்லம்மா பாதிக் கொட்டாவியோடு நின்றவள், வாயைத் திறந்தபடியே நின்றாள். இருபத்திரண்டு கிலோமீட்டரும் பாவாயி திரும்பிப் பார்க்கவில்லை.

பவானியில் வசந்தம் ஜெராக்ஸ் என்று எழுதியிருந்த கடையில், மூக்குக் கண்ணாடி போட்ட, காதோரம் நரைத்த ஒரு பெண் ஒரு பெரியவரின் ரேஷன் கார்டை முன்னும் பின்னும் புரட்டிக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். எடுத்த காப்பியைச் சரியாக வெட்டிப் பெரியவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, "உள்ள வாங்கம்மா" என்றாள். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. நாச்சிமுத்து கடைக்கு வெளியே நடைபாதையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் இருவரும் பேசுவது கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. நெடுநேரம் குழாயில் தண்ணீர் ஓடியது.

பிறகு வசந்தமணி வெளியே வந்து அவருக்கு இடது பக்கமாக நின்றாள்.

"அந்தக் காது கேக்காது அம்மிணி" என்றார்.

அவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். "உங்க காதுல இருந்து வந்ததை அம்மா சொன்னாங்க" என்றாள்.

"அன்னிக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கல கண்ணு. கேட்டிருந்தா..." என்று தொடங்கினார்.

"கேட்டிருந்தா?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு நல்லதாக ஒரு பதில் சேர்த்து வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாய்க்கு வரவில்லை. "கேட்டிருந்தா நாடாவை எடுத்து உன்ற மேல வீசியிருப்பேன்."

அவள் சிரித்தாள், சத்தமில்லாமல், மூக்கால் மட்டும். "அதனாலதான் தறி ஓடறப்ப வந்து கேட்டேன்" என்றாள். "நானும் தறிக்காரர் பிள்ளைதானேப்பா? கேட்டுட்டுத் தலையாட்டுறது எது, கேக்காமத் தலையாட்டுறது எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? சொம்பைக் கீழ வெக்கும்போதே தெரியும், உங்களுக்கு ஒண்ணும் கேக்கலைன்னு. சாயங்காலம் தறி நின்னப்பறம் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கு உங்ககிட்ட இருந்து ஒரு தலையாட்டல் வேணும், அதை எடுத்துட்டுப் போயிட்டேன். இத்தனை வருசம் உங்க மேல எனக்குக் கோவம் இருந்ததுன்னு நெனச்சீங்களா? அதுல பாதி என்ற மேலதான்."

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும்வரை நிறுத்தினாள்.

"ஆனா வெள்ளிக்கிழமை நீங்க வந்தீங்க" என்றாள். "நாங்க கோயில் வாசல்ல மாலையோட நிக்கிறோம். தூரத்துல துண்டைத் தோள்ல போட்டுட்டு நீங்க நடந்து வர்றீங்க. நான் அவரு கையைப் புடிச்சு, பாருங்க, எங்கப்பாவுக்குக் கேட்டிருக்குதுன்னேன். நீங்க எங்க பக்கம் திரும்பாம படித்துறைக்குப் போனீங்க. மொத முழுக்குப் போட்டப்பகூட, கோயிலுக்குள்ள வர்றதுக்கு முன்னால குளிக்கிறாருன்னுதான் நெனச்சேன். ரெண்டாவதுக்கும் அப்பிடித்தான். மூணாவது முழுக்கு முடிஞ்சு அய்யர் உங்க கையில தர்ப்பையைக் குடுத்தப்பத்தான்..." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவரு அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. நல்ல மனுசன்."

நாச்சிமுத்துவுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. அந்த வெயிலும், ஈரத்தலையோடு அவர் படியேறி வந்ததும், கோயில் வாசலில் யாரோ ஒரு கல்யாணக் கூட்டம் நின்றதைப் பார்த்து, அபசகுனமாக எதிரே போகக்கூடாதே என்று ஒதுங்கி வேறு வழியாகப் போனதும் நினைவுக்கு வந்தன. அதை இப்போது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு பெண் ஆதார் கார்டை நீட்டி, "அக்கா, கலர்ல ரெண்டு" என்றாள். வசந்தமணி உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார், அவருக்கு அறுபது பக்கம். மெஷின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வெளிச்சத்தை விட்டு விட்டு ஓடியது. நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்த அறுபது பக்கத்தையும் கேட்டார்.

ஒன்றரை மணிக்கு அவள் சாப்பாட்டு நேரத்துக்காக ஷட்டரைப் பாதி இறக்கினாள். முழுக்க இறக்கவில்லை. குனிந்தால் உள்ளே போகலாம், வேண்டாம் என்றால் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம்.

"அம்மா சோறு போட்டு வெச்சிருக்காங்க" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

நாச்சிமுத்து எழுந்து, அறுபத்தேழு வயசு முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி ஷட்டருக்கு அடியில் நுழைந்தார். நுழையும்போது காதுக்குள் தண்ணீர் குலுங்கிப் பூமி ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது, மெஷினும் பேப்பர்க்கட்டும் சுவரும் சாய்ந்து வந்தன, பிடிக்க ஒரு கம்பும் இல்லை. வசந்தமணி முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தாள்.

அவர் நேராக நின்றதும் விட்டுவிட்டாள்.